பயன் தெரிந்த பாவலர்
கவிமணியின் வாழ்வும் பயன்வழிச் சிந்தனையும்

மெய்ப்பொருளியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களுள் பலருக்கு ஒருவகை அச்சம் தோன்றுவதை வகுப்பறையில் நாம் கண்டிருக்கிறோம். அது துறவியர்க்கு உரியது, முதியோர்க்கு உரியது, அல்லது தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்தற்கு உரியது என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆயின், ஒரு கருத்து உண்மையா என்பதை அக்கருத்தின்படி வாழ்வோர் அடையும் பயனைக் கொண்டு சோதித்தறிய வேண்டும் என்று வற்புறுத்திய ஒரு கொள்கை உலக மெய்ப்பொருளியலில் உண்டு. மேலைநாட்டார் அதனைப் பிராக்மாட்டிசம் என்பர். நாம் அதனைப் பயன்வழிக் கொள்கை எனலாம். செயல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர்.

இக்கொள்கையை விளக்க அமெரிக்க நாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் நாஞ்சில் நாட்டு மண்ணிலேயே அதற்கு ஒரு வாழ்க்கை விளக்கம் உண்டு. அவ்வாழ்வு கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வாழ்வு. அவர் எந்த மெய்ப்பொருளியல் பள்ளியையும் சார்ந்தவர் அல்லர். கோட்பாட்டு நூல் எதனையும் எழுதியவரும் அல்லர். எனினும் ஒரு வழக்கத்தை அதன் விளைவால் அளந்து, அளந்ததை அஞ்சாது எடுத்துரைத்தவர். அந்த அளவையின் கதையே இக்கட்டுரை.

தேரூரும் பாஸ்டன் பகுதியும்

சுசீந்திரத்திற்கு அண்மையில், வயலும் குளமும் சூழ அமைந்த ஊர் தேரூர். அங்கு 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள், சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகத் தேசிகவிநாயகம் பிறந்தார். ஒன்பதாம் வயதிலேயே தந்தையை இழந்தார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பள்ளிகளில் மலையாளமே ஓங்கி நின்றது. தேரூரை அடுத்திருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானே அச்சிறுவனுக்குத் தமிழ் ஊட்டிய ஆசான். அவரிடம் பெற்ற இலக்கண இலக்கியப் பயிற்சியே பின்னாளில் கவிமணியின் கவிதைக்கு அடித்தளமாயிற்று.

இங்கு ஓர் ஒப்புமையை நினைவுகூர்தல் தகும். தேரூரில் தேசிகவிநாயகம் இரண்டு வயதுக் குழந்தையாய்த் தவழ்ந்த 1878ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜில் வளர்ந்த சார்லஸ் பியர்ஸ் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் கருத்துகளைத் தெளிவாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதே அதன் பொருள். ஒரு கருத்தினால் நடைமுறையில் என்னென்ன விளைவுகள் நேரக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், அவ்விளைவுகளின் தொகுதியே அக்கருத்தின் பொருளாகும் என்று அவர் விளக்கினார். அவருடைய நண்பர் வில்லியம் ஜேம்ஸ் 1898ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் இதற்குப் பிராக்மாட்டிசம் என்ற பெயரை ஊரறியச் செய்து, 1907இல் அப்பெயரிலேயே நூல் வெளியிட்டார். மூன்றாமவரான ஜான் டூயி, இக்கொள்கையைப் பள்ளிக்கூடத்துக்கும் மக்களாட்சிக்கும் கொண்டு சென்றார். தேரூர்ச் சிறுவனுக்கும் இவர்களுக்கும் ஆசான் மாணவன் உறவு கற்பிக்க நாம் முயலவில்லை. வெவ்வேறு கிணறுகளில் ஒரே நிலத்தடி நீர் ஊறுவது போன்றது இது.

ஆசிரியப் பணி

கோட்டாற்றில் பள்ளிக் கல்வியும், பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற தேசிகவிநாயகம், கோட்டாற்றுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராய்ப் பணி தொடங்கினார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றினார். திருவனந்தபுரத்து மகாராஜா மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து, முப்பத்தாறு ஆண்டுப் பணிக்குப் பின் 1931இல் ஓய்வு பெற்றார். 1901இல் அவர் மணந்த உமையம்மை அம்மையாரின் ஊரான புத்தேரியே அவர்தம் ஓய்வுக்கால இல்லமாயிற்று.

அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் அவர் தாத்தாவானார். அவர் காலத்துக்கு முன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் அறம் உரைக்கும் நூற்பாக்களே. பொருள் தெரியாமலே அவற்றைப் பிள்ளைகள் ஒப்பித்தனர். கவிமணியோ பிள்ளையின் கண்ணுக்கு எதிரே நிற்பதை எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பசு, அதன் கன்று, கிளி, காக்கை, நிலா என அவர் பாட்டில் வருவன எல்லாம் பிள்ளை ஏற்கெனவே அறிந்தவை. அறிந்ததினின்று அறியாததற்குச் செல்வதே அவர் கையாண்ட முறை. குழந்தையின் அனுபவத்திலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்று டூயி 1896இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளி நிறுவி மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். அதே உண்மையை நாஞ்சில் நாட்டு ஆசிரியர் ஒருவர் பாட்டினால் மெய்ப்பித்தார். அந்தப் பாடல்களைப் பாடாத தமிழ்ப் பிள்ளை இன்றும் அரியதே. ஒரு கல்விமுறைக்கு இதனினும் சிறந்த தேர்வு வேறு யாது?

கல்லெழுத்தும் ஐயமும்

கவிமணியைப் பாவலராக அறிந்தோர் பலர். கல்வெட்டு ஆராய்ச்சியாளராக அறிந்தோர் சிலரே. நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளை அவர் தாமே சென்று படித்து, அவற்றின் துணைகொண்டு நாட்டு வரலாற்றை ஆராய்ந்தார். அவர் ஈடுபட்ட சிக்கல்களுள் ஒன்று காந்தளூர்ச் சாலை பற்றியது. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறும். கலம் என்பதற்குக் கப்பல் என்று பொருள் கொண்டு, அங்கே பெருங்கடற்போர் நிகழ்ந்ததாக அறிஞர் சிலர் எழுதினர். கவிமணி அதனை அப்படியே ஏற்கவில்லை. சாலை என்ற சொல் பிற ஆவணங்களில் எவ்வாறு வழங்குகிறது என்று வினவினார்.

இவ்வினாவுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆய்வேளிர் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில், தொண்ணூற்றைந்து சட்டர்களுக்காக ஒரு சாலை நிறுவினான் என்றும், அது காந்தளூர் முறையைப் பின்பற்ற வேண்டும் என்றும் செப்பேடு கூறுகிறது. ஆகவே சாலை என்பது கல்வியும் உணவும் வழங்கிய நிறுவனம் என்பது தெளிவாகிறது. அறிஞருலகில் இவ்விவாதம் முழுதும் முடிந்துவிடவில்லை. எனினும் கவிமணி காட்டிய வழி நமக்குப் பாடம். பெரியோர் சொன்னார் என்பதற்காக ஒரு கருத்தை ஏற்றலும் தவறு, வெறுப்பினால் மறுத்தலும் தவறு. புதிய சான்றின்முன் அதனை நிறுத்திப் பார்த்தலே அறிவு. எந்த நம்பிக்கையும் திருத்தத்திற்கு உரியது என்று பியர்ஸ் கூறியதும் இதுவே.

மருமக்கள் வழி

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு பெரும் பிரிவினரிடம் மருமக்கள் வழி என்னும் சொத்துரிமை முறை நிலவியது. ஒருவன் இறந்தால் அவன் சொத்து அவன் மக்களுக்குச் செல்லாது. உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களுக்கே செல்லும். குடும்பச் சொத்தை ஆள்பவர் காரணவர் எனப்பட்டார். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை, நங்குடைமை என்ற பெயர்களில் கிடைத்தவை சிறு பங்கும் பிழைப்பூதியமுமே. ஆண்டுக்கணக்கில் கணவனின் நிலத்தில் உழைத்த பெண், அவன் கண் மூடிய மறுநாள் அந்த வீட்டின் விருந்தினளாகி விடுவாள். தந்தையின் தோளில் வளர்ந்த பிள்ளை, தந்தையின் வயலில் கூலியாளாய் நிற்க நேரும்.

இம்முறைக்கு ஆதரவாகப் பேசியோர் முன்னோர் வழக்கம் என்ற ஒரே காரணத்தையே பெரிதாகக் காட்டினர். கவிமணி அந்த முன்னோர் வழக்கத்தைக் கோட்பாட்டு நிலையில் எதிர்த்து வாதிடவில்லை. அதனால் என்ன நேருகிறது என்று காட்டினார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்னும் அங்கத நூல், திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த தமிழன் இதழில் 1917, 1918ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து வெளிவந்தது. நூல்வடிவம் பெற்றது 1942இல். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியே அதில் தன் கதையைச் சொல்கிறாள். மாமியாரின் கொடுமை, மனைவியரிடையே பூசல், மருமகனின் ஊதாரித்தனம், நீதிமன்ற வழக்குகள், வழக்கினால் விலைபோகும் நிலம், இறுதியில் ஏதுமற்றுத் தெருவில் நிற்கும் தாயும் மக்களும் என்று கதை விரிகிறது. தலத்தின் பெருமை கூறும் புராணம் போன்று மான்மியம் எனப் பெயரிட்டு, ஒரு வழக்கத்தின் சிறுமையைக் கூறியது அவர்தம் நகைச்சுவைத் திறம். படிப்போர் முதலில் நகைப்பர். நகைத்து முடிக்குமுன் கண் கலங்குவர். நாஞ்சில் நாட்டுப் பேச்சுவழக்கும் பழமொழியும் அந்நூலில் அப்படியே வாழ்கின்றன.

கவிமணியின் சோதனை முறையை நாம் உற்று நோக்க வேண்டும். வழக்கம் ஒன்றால் நன்மை அடைவோரிடம் கேட்டால் அது நல்லதென்றே விடை வரும். காரணவரிடமும் மருமகனிடமும் கேட்டிருந்தால் மான்மியம் எழுத வேண்டிய தேவையே நேர்ந்திராது. கவிமணியோ விளைவின் முழுச்சுமையையும் தாங்குகின்ற ஒருத்தியைச் சான்றாளராக அழைத்தார். பயன் என்றால் யாருக்குப் பயன் என்ற வினாவைத் தொடுத்தார். இவ்வினா இல்லாத பயன்வழிக் கொள்கை வெறும் தன்னலக் கொள்கையாகிவிடும்.

இங்கு உண்மைக்கு மாறாக ஒன்றையும் கூறிவிடக் கூடாது. பாட்டு ஒன்றினால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. மருமக்கத்தாயம் பற்றி ஆராயத் திருவிதாங்கூர் அரசு 1908இலேயே குழு அமைத்தது. நாயர் சமூகத்தார்க்கான சட்டங்கள் 1912இலும் 1925இலும் வந்தன. வேளாளர் சமூகத்துப் பெரியோர் பலர் கூட்டம் கூட்டியும் விண்ணப்பம் எழுதியும் உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனாகக் கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவி மக்களின் உரிமைக்கும், குடும்பச் சொத்தைப் பாகம் செய்துகொள்வதற்கும் அது வழிவகுத்தது. சட்டமன்றத்தில் வாதம் வெல்லுமுன் ஊரார் உள்ளத்தில் அது வெல்ல வேண்டும். அந்த வெற்றியில் மான்மியத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இம்முறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் பங்கு இன்னதென்று திருக்குர்ஆன் வரையறுத்திருப்பதை நம் முஸ்லிம் மாணவர்கள் அறிவர். மக்கள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று என்பது அந்த வரையறை. அவ்வாறிருந்தும் வடமலபாரின் மாப்பிள்ளைக் குடும்பங்கள் பலவற்றில் மருமக்கத்தாயம் நெடுநாள் நிலவியது. அவர்கள் பாகம் பிரித்துக்கொள்ள உரிமை தரும் சட்டம் 1930களின் இறுதியில்தான் சென்னை மாகாணத்தில் வந்தது. எழுதப்பட்ட நெறி ஒன்றாயும் நடைமுறை வேறாயும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. நடைமுறையை நோக்காமல் நெறியை மட்டும் புகழ்ந்து கொண்டிருப்பது எச்சமூகத்துக்கும் பாதுகாப்பன்று.

மொழிபெயர்ப்பும் உலகநோக்கும்

ஓய்வுக்காலத்தில் கவிமணியின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. 1938இல் மலரும் மாலையும், 1941இல் ஆசிய ஜோதி, 1945இல் உமர்கய்யாம் பாடல்கள் என்பன அவற்றுள் சில. 1940 டிசம்பர் 24ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில், தமிழவேள் உமாமகேசுவரனார் தலைமையில் அவருக்குக் கவிமணி என்ற பட்டம் வழங்கப்பட்டது.

பாரசீக நாட்டு நிசாப்பூரில் பிறந்த உமர்கய்யாம் பாவலர் மட்டுமல்லர். கணித மேதை, வானநூல் அறிஞர். 1079இல் நடைமுறைக்கு வந்த சலாலி நாட்காட்டியை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அவர் பெயரால் வழங்கும் பாடல்களை எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலமாக்கினார். அவ்வாங்கில வழியே கவிமணி தமிழாக்கினார். சைவ மடத்துத் தம்பிரானிடம் தமிழ் கற்றவர், பாரசீக முஸ்லிம் அறிஞரின் பெயர் தாங்கிய பாடல்களையும், புத்தர்பிரானின் வரலாற்றையும் ஒரே அன்போடு தமிழுக்குத் தந்தார். நல்லது எங்கிருந்து வந்ததென்பதைக் காட்டிலும், வந்து என்ன நல்லது செய்கிறதென்பதையே அவர் உள்ளம் நாடியது.

எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவிய ஆசிய ஜோதியில், பிம்பிசாரனின் வேள்விச்சாலைக்குப் பலியிடக் கொண்டுசெல்லப்படும் ஆட்டு மந்தைக்காகப் புத்தர் இரங்கும் பகுதி தமிழர் நெஞ்சை உருக்கிய ஒன்று. புத்தருடைய அறிவுரைகளில் பயன்வழிச் சிந்தனையின் சாயல் உண்டென்று பலர் காட்டியுள்ளனர். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எம்மரத்தால் ஆனது என்று கேட்டுக்கொண்டிருப்பானாயின் விடை வருமுன் உயிர் போய்விடும் என்ற உவமை பாலி நூல்களில் வருகிறது. முதலில் அம்பைப் பிடுங்கு என்பதே அதன் கருத்து.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இவ்விரு ஓடைகளும் கலந்தன. அவர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது ஜான் டூயியின் வகுப்புகளில் அமர்ந்தார். அந்த ஆசிரியரை வாழ்நாள் முழுதும் போற்றினார். 1956இல் பௌத்தம் தழுவினார். மக்களாட்சி என்பது அரசாங்க அமைப்பு மட்டுமன்று, கூடி வாழும் முறை என்ற டூயியின் கருத்து, அம்பேத்கரின் எழுத்துகளில் நம் நாட்டுச் சாதிக் கொடுமைக்கு எதிரான படைக்கலமாயிற்று. கவிமணியும் தீண்டாமையை எதிர்த்துப் பாடியவர். திருவிதாங்கூரில் ஆலய நுழைவு உரிமை 1936இல்தான் கிட்டியது என்பதை நினைவிற் கொண்டால் அப்பாடல்களின் துணிவு விளங்கும்.

இன்றைக்கு இதன் பொருள் என்ன?

பயன்வழிக் கொள்கைக்கு எதிர்ப்பும் இருந்தது. பயன்படுவதே உண்மையென்றால், பயன்படும் பொய்யும் உண்மையாகி விடாதா என்று பெர்ட்ரண்ட் ரசல் போன்றோர் வினவினர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பியர்சுங்கூடத் தம் கொள்கை மலினப்படுவது கண்டு 1905இல் அதற்கு வேறு பெயர் சூட்டிக் கொண்டார். தனியொருவருக்கு இன்று இனிப்பது உண்மையன்று. உண்மையை நாடுவோர் அனைவரும் இடைவிடாது ஆராய்ந்தால் இறுதியில் எங்கு வந்து சேர்வரோ அதுவே உண்மை என்பது அவர் நிலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரிச்சர்ட் ரார்ட்டியும் ஹிலரி பட்னமும் இக்கொள்கைக்கு மறுவாழ்வு அளித்தபோதும், இதே வினாவைப் பற்றித்தான் தமக்குள் வாதிட்டனர்.

கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து விழும் இந்நாளில் இவ்வாதம் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு வதந்தி ஒரு கூட்டத்தாருக்குப் பயன்படலாம். அதனால் அது மெய்யாகாது. அதனைச் சோதிக்கும் வினாக்கள் கவிமணியிடம் உண்டு. இதற்குச் சான்று என்ன? இதன்படி நடந்தால் என்ன நேரும்? நேர்வதை யார் தாங்குவார்? தாங்குபவரின் குரல் கேட்கப்பட்டதா? கன்னியாகுமரி மாவட்டத்தில் பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரு பொய்ச் செய்தியைப் பகிருமுன் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்ப்பது இங்கு உயிர்காக்கும் செயலாகும்.

மற்றொன்றும் உண்டு. விளைவைக் கொண்டு அளக்கும் கொள்கை, தான் செய்த சீர்திருத்தத்தையும் விளைவைக் கொண்டே மீண்டும் அளக்க வேண்டும். மருமக்கள் வழி மறைந்தது. மக்கள் உரிமை பெற்றனர். ஆயின் தாய்வழிக் குடும்பத்தில் பெண்ணுக்கு இருந்த ஒரு நிலையும் அதனோடு மறைந்தது. மகளுக்கும் மகனோடொத்த உரிமை தமிழ்நாட்டுச் சட்டத்தில் 1989இலும், நாடு முழுதுக்கும் 2005இலும் வந்தது. சட்டம் வந்தபின்னும், நகையும் ரொக்கமும் கொடுத்தாயிற்று என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வீடுகளை எல்லாச் சமூகத்திலும் நாம் காண்கிறோம். 1961இலேயே தடை செய்யப்பட்ட வரதட்சணை இன்னும் திருமண வீடுகளில் பேரம் பேசப்படுகிறது. மான்மியத்தின் ஐந்தாம் மனைவி இன்று வந்தால் வேறொரு மான்மியம் பாடுவாள். அதனைக் கேட்கும் செவி நமக்கு உண்டா என்பதே வினா.

கவிமணி 1954 செப்டம்பர் 26ஆம் நாள் மறைந்தார். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இருக்கவில்லை. 2005இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. தேரூர் வழியே செல்லும் மாணவர்கள் ஒருகணம் நின்று அவரை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் குடும்பத்தில், நம் ஊரில், நம் சமூகத்தில் முன்னோர் வழக்கம் என்று நாம் காத்து வருபவற்றுள் எவை நன்மை தருகின்றன, எவை யாரையோ வருத்துகின்றன என்று ஆண்டுக்கொரு முறையேனும் கணக்குப் பார்ப்போம். வணிகர் பேரேட்டைப் பார்க்கிறார். உழவர் விளைச்சலைப் பார்க்கிறார். வாழ்வின் கணக்கை மட்டும் பாராது விடலாகுமா? கணக்கைப் பார்க்கும்போது, அவ்வழக்கத்தால் இழந்தவரை முதலில் அழைத்து அருகில் அமர்த்திக் கேட்போம். நாஞ்சில் நாட்டுத் தமிழாசிரியர் ஒருவர் நூறாண்டுக்கு முன் செய்தது அதுவே.